குதித்துக் காட்டிய கடைக்காரர்

மறுநாள் மகளுக்கு மொட்டை. அதற்குள் அந்தச் சுருட்டை முடியைப் படம் எடுத்துவிட வேண்டும் என்று தேரடித் தெருக் கடைக்கு டிஜிட்டல் கேமரா வாங்கப் போனேன். எத்தனை மெகாபிக்சல் வேண்டும் என்று கணவர் எழுதித் தந்த சீட்டை நீட்டினேன். தொந்தியும் விபூதியுமாக இருந்த கடைக்காரர் அதைப் படிக்கவே இல்லை.

"பாப்பா ஒரு இடத்துல நிக்குமா?"

"நிக்கவே மாட்டாளுங்க."

"சில கேமரா பட்டனை அமுக்கினா யோசிச்சுட்டுத்தான் எடுக்கும். அதுக்குள்ள பாப்பா ஓடிடும். நான் குதிக்கிறேன், எடுத்துப் பாருங்க."

மகள் என் தோளில் தூங்கியதால் அவரே பாப்பாவானார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். விலை ஜாஸ்தியான கேமரா எடுத்த படத்தில் அவர் தரையில் சும்மா நின்றுகொண்டிருந்தார். அடுத்ததில் தலையே இல்லை.

"தப்பு என் மேலதானோ?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"குதிக்கிறது நானு. உங்களுக்கு ஏங்க மூச்சு வாங்குது?"

நான் சிரித்த சிரிப்பில் மகள் விழித்துக்கொண்டாள்.

ஆறாவது குதிப்பில், கடையிலேயே விலை கம்மியான கேமரா அவரை அந்தரத்தில் பிடித்தது. "மாட்டிக்கிட்டேன்!" என்று கைதட்டினார்.

அன்று மாலைக்குள் சுருட்டை முடியை ஆசை தீர எடுத்தேன். ஆனால் இருப்பதிலேயே மலிவானதை விற்க ஒரு மனிதர் எதற்கு அவ்வளவு உயரம் குதித்தார் என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை.