பள்ளி அரிசி

எங்கள் அம்மா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. நினைவு மலரின் முதல் கட்டுரையை மூத்த மகள்தான் எழுத வேண்டும் என்று தம்பி சொன்னான். எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அக்கா, இதெல்லாம் அச்சுல போடணுமா? திவசத்துக்கு வாறவங்க கையிலயேல்ல குடுக்கப் போறோம்" என்றான். அதற்காகத்தான் எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன்.

நினைவு மலர்களில் மறைந்தவரும் நல்லவர், மாலை போட்டவரும் நல்லவர், சாப்பிட்டுவிட்டுப் போனவரும் நல்லவர். அந்த வழக்கத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது. அம்மாவின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டுமானால் அரிசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அரிசியைப் பற்றிச் சொன்னால் அம்மாவின் அண்ணன், களக்காட்டுப் பெரிய மாமாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாமா முன்வரிசையில் உட்கார்ந்து இதைப் படிப்பார். படிக்கட்டும்.

அம்மா பிறந்தது திருநெல்வேலிச் சீமையில் களக்காடு. தாத்தாவுக்கு வாய்க்கால் பாசனத்தில் வயல் இருந்தது. வீட்டில் எப்போதும் பத்தாயம் நிறைய நெல். பத்தொன்பது வயதில் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு திருவனந்தபுரம் வந்தார். அப்பாவுக்கு ஆரியசாலையில் ஒரு பருப்பு மண்டியில் வேலை. மண்டிக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறை வீடு. காய்க்காரிகளிடம் பேரம் பேசியே மூன்று மாதத்தில் மலையாளம் கற்றுக்கொண்டவர் அம்மா. ஆனால் இந்த ஊர்ச் சிவப்பு அரிசியை மட்டும் அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "இத மனுசன் திம்பானா?" என்பார். தாத்தா தளராமல் இருந்தவரை வருடத்துக்கு ஒரு முறை களக்காட்டிலிருந்து அரிசி மூட்டை வந்தது. வயல் பெரிய மாமாவின் பொறுப்புக்குப் போனதும் மூட்டை நின்றது.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, மண்டியில் அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து அப்பாவின் முதுகில் விழுந்தன. அவர் எழுந்து உட்கார ஒன்றரை வருடம் ஆனது. மண்டி முதலாளி ஒரு நாள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் அப்பாவின் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். அம்மா உறவினர்கள் எல்லோருக்கும் கடிதம் எழுதினார். நான்தான் தபால் பெட்டியில் போட்டேன். யாரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. கடிதம் கிடைக்கவில்லை என்று பின்னாளில் எத்தனை பேர் சொன்னீர்கள்! அத்தனை தபால்காரர்களும் ஒரே சமயத்தில் கெட்டுப்போனார்களா?

அம்மா ஒரு ஹோட்டலுக்கு மாவாட்டப் போனார். அது வாடகைக்கும் அப்பாவின் மருந்துக்குமே போதவில்லை. மதியம் கஞ்சித் தண்ணீர், ராத்திரி அதுவும் இல்லை என்று ஆன ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிர்வீட்டுச் சேச்சி ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து எங்கள் அடுக்களையில் வைத்தார்.

"இது பள்ளியிலெ பிடியரியா. கஞ்ஞி வெச்சோ. ஒண்ணும் விசாரிக்கண்டா" என்றார். கஞ்சி வை, ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே என்று அர்த்தம்.

எங்கள் சந்தின் முனையில் ஒரு சிறிய தேவாலயம் இருந்தது. இந்த ஊரில் அதற்குப் பள்ளி என்றுதான் பெயர். அந்தப் பள்ளியைச் சேர்ந்த வீடுகளில், பெண்கள் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்ப் பள்ளியின் பின்புறம் இருக்கும் மரப்பெட்டியில் கொட்டுவார்கள். அடுப்பு எரியாத வீடுகளுக்கு அது போகும். அதுதான் பிடியரி. எந்த வீட்டுக்கு என்று யாரும் அறிவிப்பதில்லை.

பல வீட்டு அரிசி அது. மட்டை அரிசியின் சிவப்பு, பச்சரிசியின் வெள்ளை, ரேஷன் புழுங்கலின் பழுப்பு, குருணை, எந்தப் பணக்கார வீட்டிலிருந்தோ வந்த மெல்லிய வாசனை அரிசி, எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். ஒன்றாக வேகாது. வெள்ளை குழைந்து கூழாகும்போது சிவப்பு பல்லில் கடிபடும். ஒரு முறை அதில் ஒரு சட்டைப் பொத்தான் கிடந்தது. அம்மா அதைக் கழுவி, "யாருக்காவது வேணும்லா" என்று சேச்சியிடம் திருப்பிக் கொடுத்தார். சிவப்பு அரிசியை மனுசன் தின்பானா என்று கேட்டவர், ஒரு பருக்கை சிந்தாமல் வழித்துச் சாப்பிட்டார்.

ஆனால் அம்மா பயந்துகொண்டுதான் இருந்தார். "சும்மா குடுப்பாங்களா? என்னைக்காவது கேப்பாங்க பாரு" என்பார். ஞாயிறு தவறாமல் பை வந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்தப் பள்ளியின் அச்சன் அப்பாவைப் பார்க்க வந்தார். வயதான பாதிரியார். அம்மா கதவோரம் விறைத்துப்போய் நின்றார். அச்சன் அங்கிப் பைக்குள் கையை விட்டதும் அம்மாவின் முகம் வெளிறியது. வேதப் புத்தகத்தை எடுக்கப் போகிறார் என்று நினைத்தாராம். அவர் எடுத்தது மூக்குக் கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு அப்பாவின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மிளகு விலை, சுக்கு விலை பற்றி அப்பாவோடு அரைமணி நேரம் பேசினார். கிளம்பும்போது அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"அச்சோ, இதுக்கு ஞங்ஙள் எந்து செய்யணும்?" இதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று அச்சனிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

அச்சன் நன்றாக யோசித்தார். "அதில் கல்லு காணும். நல்லோணம் அரிச்சு எடுக்கணும், கேட்டோ. அத்ரேயுள்ளு" என்றார்.

கல் இருக்கும், நன்றாக அரித்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றரை வருடத்தில் அந்தப் பள்ளி எங்களுக்குப் போட்ட ஒரே நிபந்தனை இது.

கடிதம் போட்டு நாலு மாதம் கழித்துப் பெரிய மாமா வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பத்தாயம் நிறைய நெல் வைத்திருக்கும் அண்ணன், பட்டினி கிடக்கிற தங்கை வீட்டுக்குக் கொண்டுவந்தது அவ்வளவுதான். அம்மாவுக்கு அதுவே பெரிய சந்தோஷம். அடுத்த வீட்டில் தேங்காய் வாங்கி அரைத்து, தீயலும் பயறுத் துவரனும் வைத்து, வாழை இலை போட்டுப் பரிமாறினார். மாமா சோற்றைப் பிசையும்போது நிறம் பார்த்துவிட்டார்.

"என்னட்டி அரிசி இது, செவப்பும் வெள்ளையுமா?"

"பள்ளியில குடுத்தது அண்ணே."

"பள்ளிக்கூடத்துலயா? பிள்ளையளுக்குப் போடுத அரிசிய வீட்டுக்கும் தாராவளா? கேரளாக்காரன் கெட்டிக்காரந்தான்!"

அம்மா திருத்தாமல் தீயலை ஊற்றினார். பொய்யும் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் கிறிஸ்தவராக மாறுவதை வேதத்தில் சேர்வது என்பார்கள், தேவாலயத்தை வேதக்கோயில் என்பார்கள். அந்தச் சொல்லை விட்டுவிட்டு அம்மா பள்ளி என்ற சொல்லை எடுத்தது தெரியாமல் இல்லை. மாமா நன்றாகச் சாப்பிட்டார். இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கினார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். மலையாளம் தெரியும் என்கிற பவிசு எனக்கு.

"பள்ளிக்கூடம் இல்ல மாமா. மலையாளத்துல பள்ளின்னா வேதக்கோயில்."

மாமாவின் கை இலையிலேயே நின்றது. அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார். பரிமாறின சோறு அப்படியே இருக்க, மாமா இலையை மடித்து மூடினார். எழுந்து பின்வாசலுக்குப் போய் வாய்க்குள் விரலை விட்டுக் காறிக் காறித் துப்பினார். தின்றதெல்லாம் வெளியே வரவேண்டும் என்பதுபோல ஓங்கரித்தார். அடுத்த அறையில் அசைய முடியாமல் கிடந்த அப்பா அந்தச் சத்தத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்றும் யாராவது கை கழுவும் இடத்தில் காறினால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

"சோத்துக்காக வேதத்துல சேந்துட்டியே ஏட்டி" என்றார் மாமா.

"யாரும் சேரவும் சொல்லல, நான் சேரவும் இல்ல அண்ணே. பசிச்சுது, குடுத்தாங்க."

மாமா பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார். களக்காட்டுக்கு அவர் போய்ச் சேரும் முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு கல்யாணப் பத்திரிகைகூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தங்கைக்கு ஒரு பிடி அரிசி கொடுக்காத குடும்பத்துக்கு, இன்னொருவர் கொடுத்ததும் மானம் வந்துவிட்டது! இதைவிட அசிங்கமான மானத்தை நான் பார்த்ததில்லை.

என்மேலும் எனக்கு அருவருப்பு உண்டு. அடுத்த ஞாயிறு அரிசி வந்ததும், சுளவில் கொட்டிச் சிவப்பு வேறு வெள்ளை வேறாகப் பொறுக்க உட்கார்ந்தேன். பள்ளி அரிசி என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியக்கூடாதாம். ஒரு மணி நேரம் பொறுக்கியிருப்பேன். அம்மா வந்து பார்த்தார். இரண்டு குவியலையும் ஒரே தள்ளாகத் தள்ளிக் கலந்தார். "வேல இல்லன்னா அப்பாவுக்கு முதுகுல எண்ண தேச்சு விடு, போ" என்றார்.

அப்பா கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்து, உட்கார்ந்து பார்க்கும் ஒரு வேலையும் கிடைத்ததும், இனி அரிசி வேண்டாம் என்று அம்மாவே பள்ளியில் போய்ச் சொன்னார். ஏன் என்றும் அவர்கள் கேட்கவில்லை. அன்று முதல் அம்மா உலை வைக்கும் முன் ஒரு பிடி எடுத்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போடத் தொடங்கினார். கடைசிவரை நெற்றியில் திருநீறு, வெள்ளிக்கிழமை விளக்கு. கடைசிவரை ஞாயிற்றுக்கிழமை டப்பா.

சில வருடங்களில் தாத்தா காலமானார். அம்மாவும் நானும் போனோம். வாய்க்கரிசி போடும் நேரம், அம்மா தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துவிட்டார். பெரிய மாமா கையைப் பிடித்துத் தடுத்தார். "வேதத்துல சேந்தவ கையால எங்க அப்பாவுக்கு வேண்டாம்" என்றார். ஊரே நின்றது. இந்த மலரை வாங்குகிறவர்களில் இருபது பேராவது அன்று அங்கே நின்றீர்கள். ஒருவர் வாயிலும் சொல் வரவில்லை. பெற்ற தகப்பன் முன்னால் மூடிய கையோடு நின்றார் அம்மா. பிறகு அந்த அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டார். பஸ்ஸில் அழவில்லை. வீட்டுக்கு வந்து முடிச்சை அவிழ்த்து அதை டப்பாவில் போட்டார்.

நானும் தம்பியும் படித்து வேலைக்குப் போனோம். எனக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்ததும் உறவினர்களுக்கு எங்கள் விலாசம் ஞாபகம் வந்தது. யார் வேதத்தில் சேர்ந்தார்கள் என்பது அத்தனை பேருக்கும் மறந்துபோனது. அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்தார். நான் உள்ளேயே இருந்துகொண்டேன்.

அப்பா போன இரண்டாவது வருடம் அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. கடைசி வாரத்தில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "எனக்கு வாய்க்கரிசி கடையில வாங்காத. பள்ளியில போயி ஒரு பிடி கேளு" என்றார்.

"ஏம்மா? நம்ம டப்பாவுலயே இருக்கே."

"அது நம்ம அரிசி. பள்ளிப் பெட்டியில எல்லாரு வீட்டு அரிசியும் கெடக்கும்லா."

அம்மா போன அன்று காலையில் பள்ளிக்குப் போனேன். இப்போது இருப்பவர் வேறு அச்சன், என்னைத் தெரியாது. ஒரு பிடி அரிசி வேண்டும் என்றேன். பெட்டியைத் திறந்துவிட்டு, "எத்ர வேணங்கிலும் எடுத்தோளு" என்றார். எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்ன அவரும் எதற்கு என்று கேட்கவில்லை.

தட்டில் பரப்பி வைத்தேன். சிவப்பும் வெள்ளையும் பழுப்புமாகக் கிடந்தது. பெரிய மாமா முதலில் வந்தார். தட்டைப் பார்த்து முகம் சுளித்தார். "ஏட்டி, கம்ப்யூட்டர் வேல பாக்க. பெத்தவளுக்கு நல்ல அரிசி ஒரு நாழி வாங்க வக்கில்லையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவருக்கு ஞாபகமே இல்லை. அவர் மூடிய இலை, துப்பிய சோறு, தடுத்த கை, எதுவும் இல்லை. என் வாழ்க்கையில் நான் பட்ட அருவருப்பெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாகாது. அம்மா அங்கே கிடந்ததால் தட்டை மட்டும் மாமா முன் நீட்டினேன்.

மரபுப்படி நன்றி சொல்லி முடிக்கிறேன். எதிர்வீட்டுச் சேச்சிக்கும், கண்ணாடி போட்டு எக்ஸ்ரே பார்த்த அச்சனுக்கும் எங்கள் வணக்கம். மற்றவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது, அரிசி மட்டும்தான் தெரியும். மட்டை அரிசி சாப்பிடும் வீட்டாருக்கும், ரேஷன் புழுங்கலிலும் ஒரு பிடி ஒதுக்கிய வீட்டாருக்கும், குருணை போட்ட வீட்டாருக்கும், பொத்தானைத் தொலைத்த வீட்டாருக்கும் நன்றி.

பெரிய மாமாவுக்கும் நன்றி. மாமா, அன்று நீங்கள் முகம் சுளித்து எடுத்தது பள்ளி அரிசி. மூன்று முறை அள்ளி உங்கள் கையாலேயே உங்கள் தங்கையின் வாயில் போட்டீர்கள். அம்மா வாங்கிக்கொண்டார்.