கீறல் போட்டவர் கையில்

ஈப்போவில் மாதா கோயிலுக்குப் போகிற சந்தில் ஆம்புரோஸ் ஆசாரி ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கட்டில், அலமாரி, நாற்காலி எல்லாம் செய்து வந்தார். செய்து வைத்து விற்கிற பழக்கம் அவரிடம் இல்லை. கேட்டு வருகிறவருக்கு அளவெடுத்துத்தான் செய்வார்.

முன்பணம் கேட்க மாட்டார். முதல் பலகையை இழைத்து வைத்து, வந்தவர் கையில் உளியைக் கொடுத்து, "ஒரு கீறல் போடுங்க" என்பார். போட்டுவிட்டால் அந்த மரம் அவருடையது. அவர் பேரைச் சொல்லி செபம் பண்ணிவிட்டுத்தான் ஆம்புரோஸ் வேலையைத் தொடங்குவார். பிறகு வேண்டாம் என்று வந்தால் சண்டை கிடையாது. இழைப்புளியை எடுத்து நீட்டுவார். "கீறல் போட்டவங்களே இழைச்சு அழிச்சுட்டுப் போங்க" என்பார். சிலர் சிரித்துக்கொண்டே அழித்துவிட்டுப் போனார்கள். சிலர் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "சரி, இருக்கட்டும்லா, செஞ்சே குடுத்துடுங்க" என்றதும் உண்டு. அழியாத கீறல் இருக்கிற மரத்தை வேறு ஆளுக்குக் கொடுக்க மாட்டார். கடவுளிடம் ஒருவர் பேரைச் சொல்லிவிட்டு இன்னொருவருக்குக் கொடுத்தால் அது பொய் சொன்னதாகும் என்பது அவர் எண்ணம்.

குனோங் ராபாட் பக்கத்தில், ரப்பர் பால் எடுக்கிற கித்தாத் தோட்டத்தில் சன்னாசி என்று ஒரு கங்காணி இருந்தார். மகள் முத்தம்மாவின் கல்யாணத்துக்குக் கட்டில் கேட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். உளியை நீட்டியபோது, "கல்யாணம் அவளுக்கு. அவளே போடட்டும்" என்றார். அந்தப் பெண் ஓங்கி அழுத்திப் போட்டாள்.

"மெதுவா ஆயி, பலகை ரெண்டாப் போயிடும்" என்று ஆம்புரோஸ் சிரித்தார்.

கட்டில் முடிகிற சமயத்தில்தான் ரப்பர் விலை விழுந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டு அது. தோட்டங்களில் பால்வெட்டைக் குறைத்தார்கள். வேலையில்லாத சனங்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றினார்கள். மாப்பிள்ளை வீட்டாரும், இந்தச் சம்பந்தம் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிப் போனார்கள்.

கங்காணி தனியாகக் கொட்டகைக்கு வந்தார்.

"கட்டில் வேணாம் ஆசாரியாரே. யாருக்காவது குடுத்துடுங்க. இல்லாட்டி உடைச்சு அடுப்புல வைங்க."

"நீங்க சொன்னா ஆவாது கங்காணியாரே. முத்தம்மால்ல கீறல் போட்டுச்சு. அது வரட்டும்."

"அந்தப் புள்ள சோறு தின்னு ரெண்டு நாளாச்சு. அவளைக் கூட்டியாந்து கல்யாணக் கட்டிலைக் காட்டவா? ஏசு சாமி கும்புடற ஆளு பேசுற பேச்சா இது?"

கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆசாரியின் மனைவி எல்ஸி உள்ளேயிருந்து வந்தாள். "உங்க முறை பெருசா, அந்தப் புள்ள பெருசா? இழைப்புளி உங்ககிட்டதானே இருக்கு? நீங்களே ஒரு இழுப்பு இழுத்தா என்ன?"

ஆம்புரோஸ் இழைப்புளியை எடுத்துப் பலகைமேல் வைத்தும் பார்த்தார். இழுக்காமலே திரும்ப எடுத்து வைத்தார். செபமாலையோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கீறல் இருந்த தலைமாட்டுப் பலகையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றி மாட்டுவண்டியில் ஏற்றினார். அந்தப் பெண் ஈப்போ வரைக்கும் வந்து நாலு பேர் பார்வையில் பட வேண்டாம், நாமே போவோம் என்று புறப்பட்டார்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்தில் முத்தம்மா வாசலில் நின்றாள். முகம் வற்றிப் போயிருந்தது. ஆம்புரோஸ் சாக்கைப் பிரித்தார்.

"ஆயி, அழிச்சுடுறியா? உன் கையால ஒரு தடவை இழுத்தாப் போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அவள் கீறலை விரலால் தடவினாள். இழைப்புளியைத் தொடவில்லை.

"அவுங்க வேணாம்னுட்டுப் போயிட்டாங்க. அப்பாவும் வேணாம்னு வந்து சொன்னாரு. என்னைய யாருமே கேக்கல மாமா. நான் அழிக்க மாட்டேன். அகலத்தைக் குறைச்சுக் குடுங்க. ஒருத்தி படுக்கற அளவுக்கு."

கங்காணி பின்னாலிருந்து, "லயத்துல என்ன பேசுவாங்க தெரியுமா?" என்றார்.

"இப்ப மட்டும் பேசாமலா இருக்காங்க?" என்றாள் முத்தம்மா.

ஆம்புரோஸ் பலகையைத் திரும்பச் சுற்றினார். "கங்காணியாரே, கீறலை அழிக்க மட்டும்தான் உங்க மகளைக் கேக்கணும்னு நெனச்சேன், கட்டில் வேணுமான்னு கேக்கத் தோணல. இது உங்க மகளோடது. வேணாம்னு சொல்ல உங்களாலயும் ஆவாது, என்னாலயும் ஆவாது."

கீறல் இல்லாத பக்கமாக அறுத்து, கட்டிலை ஒற்றையாக்கினார். கூலி என்ன என்று அவள் கேட்டனுப்பியதற்கு, வெட்டி எடுத்த மரமே போதும் என்று சொல்லி அனுப்பினார். கட்டிலைக் கொண்டுபோன அன்று கங்காணி முதுகைத் திருப்பிக்கொண்டு வெற்றிலை மென்றார். கட்டில் கதவு நிலையில் மாட்டிக்கொண்டு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றபோது எழுந்து வந்தார். "சாய்ச்சுப் புடிங்க ஆசாரியாரே, தலைமாடு முதல்ல போவட்டும்" என்று ஒரு பக்கம் தாங்கினார்.

அதன் பிறகு ஆம்புரோஸ், யாருக்காகச் சாமான் செய்கிறாரோ அவர் கையில் மட்டும்தான் உளியைக் கொடுத்தார். அப்பனோ புருஷனோ நீட்டுகிற கைக்குக் கொடுப்பதில்லை. கட்டில் வேலை முடிந்த பிறகும் கோயில் செபத்தில் முத்தம்மாவின் பேரைச் சொல்வதை அவர் விடவில்லை. "அந்தப் புள்ளைக்கு வரன் அமையணும்னு கேக்கறீங்களாக்கும்" என்றாள் எல்ஸி.

"அதெல்லாம் இல்ல. அந்தக் கட்டில்ல அதுக்கு நல்லாத் தூக்கம் வரணும்னு கேக்கறேன்" என்றார்.