மாப்பிள்ளையின் பரீட்சை

பேட்டையில் ஒரு பட்டறையில் இன்ஜினியராகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. போன வருடம் கம்ப்யூட்டரில் ஓடும் லேத் வந்து இறங்கியது. அதற்கு புரோகிராம் எழுதத் தெரியாதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கல்லூரியில் இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஞாயிறுதோறும் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறி வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன்.

அப்படியொரு ஞாயிறன்றுதான் டவுணில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பெங்களூர் சாப்ட்வேர் மாப்பிள்ளை என்றதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பேச்சுவாக்கில் நான் வகுப்பைப் பற்றிச் சொல்ல, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“படிப்பு முடிஞ்சிட்டுன்னுல்லா சொன்னிய? இன்னும் என்ன படிப்பு?”

அப்பா முந்திக்கொண்டார். “அது சும்மா பொழுதுபோகாம போறா. கல்யாணம் ஆனா விட்டுருவா.”

என் பிழைப்பு அவருக்குப் பொழுதுபோக்கு! மாப்பிள்ளையும் இன்ஜினியர்தானே, ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் பஜ்ஜியிலிருந்து எண்ணெயைப் பிழிவதில் மும்முரமாக இருந்தார்.

பெண் பிடித்திருக்கிறது என்று கல்யாணத் தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். இரண்டொரு நாளில் மாப்பிள்ளையே எனக்குப் போன் செய்தார். குரலில் அத்தனை குழைவு.

“கம்பெனில புதுசா ஒரு கோர்ஸ் படிக்கச் சொல்லுதாங்க. வீடியோவ ஓடவிட்டுட்டு நான் கிரிக்கெட் பாத்துட்டேன். பரீட்சை ஆன்லைன்லதான். வீடியோ எல்லாம் அனுப்புதேன், நீ பாத்துட்டு எனக்குப் பதிலா எழுதிரு.”

“உங்க வேலைக்கு உள்ளது. உங்களுக்குத் தெரியாண்டாமா?”

“பாஸானா போதும். அடுத்த வருசம் வேற ஒண்ணு வரும். எல்லாத்தையுமா படிச்சுக்கிட்டு இருக்க முடியும்?”

எனக்காக நான் படிக்கக் கூடாது, அவருக்காகப் படிக்கலாம். சோற்றில் புழுவைக் கண்டதுபோல் இருந்தது. எழுத மாட்டேன், என் வகுப்பையும் விட மாட்டேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

விஷயம் தெரிந்ததும் அப்பா குதித்தார். “ஏட்டி, ஒரு பரீட்சை எழுதிக் குடுத்தா தேஞ்சா போயிருவ?” பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளைக்கு விடைத்தாளைக் காட்டினேன் என்று என்னை பெல்ட்டால் விளாசிய அதே மனிதர்.

சம்பந்தம் வேண்டாம் என்று அவர்களே தரகரிடம் சொல்லிவிட்டார்கள். பெண்ணுக்கு அனுசரிச்சுப் போகிற குணம் இல்லையாம்.

அப்பா என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் தரகரிடம் சொன்னார்: “சரியாத்தான் சொல்லியிருக்காவ.”