மாமா எழுதி வாங்கிய பிளாக்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரில் படம் தெரியாது. கறுப்புத் திரையின் நடுவில் வெள்ளையாக ஒரே ஒரு கோடு மட்டும் தெரியும். பின்பக்கம் வயிறு தள்ளிய அந்தப் பழைய மானிட்டரை அப்பா எங்கிருந்தோ வாங்கி வந்து, மூச்சு வாங்க மேசைமேல் வைத்து, ஊரையே விலைக்கு வாங்கியவர்போல் சுவிட்சைப் போட்டார். கோடு வந்தது. மானிட்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு கணம் படம் வந்து, மறுபடியும் கோடானது.

அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் எட்டு வருஷமாகத் தையல் மிஷினில் இருந்தாள். அங்கே கம்ப்யூட்டரில் ஷூ அளவு வரையும் பிரிவில் ஓர் இடம் காலியாகி, திங்கட்கிழமை டெஸ்ட் வைத்திருந்தார்கள். சாயங்கால வகுப்பில் கற்றதை ஒருமுறையாவது வீட்டில் போட்டுப் பார்க்காவிட்டால் அங்கே போய்க் கை நடுங்கும் என்றாள். சனிக்கிழமையே ஜோலார்பேட்டையிலிருந்து மாமாவை வரவழைத்தாயிற்று.

மாமா அம்மாவின் தம்பி. ரயில்வேயில், தண்டவாளத்துக்கு மேலே ஓடும் கரண்ட் கம்பியில் அவருக்கு வேலை. வந்தவர் முதலில் மானிட்டரின் பிளக்கைப் பிடுங்கினார். "நாளைக்குத் தொடலாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கினார். ஒரு நாள் வீணாகிறதே என்று அப்பாவுக்குப் பேஜாராகிவிட்டது. தான் வேலை செய்யும் தோல் பதனிடும் டேனரியிலிருந்து ஒரு ஜோடித் தோல் கையுறை கொண்டுவந்து நீட்டினார்.

"மாட்டிக்க மச்சான். தோலாச்சே, கரண்ட்டு இன்னா பண்ணிடும்?"

"ஈரம் குடிச்ச தோலு மாமா. கரண்ட்டுக்கு அது தோஸ்த்து" என்று மாமா கையுறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு மூஞ்சி சுருங்கிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமா பின்மூடியைக் கழற்றினார். நீளமான ஸ்க்ரூ டிரைவரில் ஒயரைக் கட்டி, ஒயரின் மறுமுனையை உள்ளிருந்த இரும்புச் சட்டத்தில் மாட்டினார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மறுகையால் ஸ்க்ரூ டிரைவரைப் படக்குழாய்மேல் இருந்த ரப்பர் மூடிக்கடியில் நுழைத்தார். 'டப்' என்று ஒரு சத்தம். நான் துள்ளிவிட்டேன். நேற்றே பிடுங்கினோமே என்றேன். "பிடுங்கினா போய்டுச்சுன்னு அர்த்தமா? உள்ள ஒளிஞ்சினு இருக்கும் பாப்பா" என்றார்.

உள்ளறையில் இருந்தது ஒரே பிளக் பாயிண்ட். அது ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் கம்பியைச் சூடாக்கப் போய்விட்டதால், மானிட்டர் ஒயரை நீட்டி வெளியறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அந்தப் பிளக்கை மாமா என் கையில் கொடுத்தார். என் ரஃப் நோட்டில் 'பிளாக் வாங்கிக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரயில்வேயில் கம்பியில் கை வைக்கும் முன் இப்படித்தான் கரண்ட்டை நிறுத்தச் சொல்லி எழுதி வாங்குவார்களாம்; அதற்குப் பேர்தான் பிளாக். வாங்கியவரே வந்து கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரும்வரை யாரும் கரண்ட் விடக்கூடாதாம். "ஸ்டேஷன் மாஸ்டரே வந்து கேட்டாலும் குடுத்துடாத" என்றார். நான் பதில் கையெழுத்தாக என் முழுப் பெயரையும், வகுப்பையும், பிரிவையும் எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் மாமா எட்டிப் பார்த்து, "ஒரு ஜாயிண்ட் பத்தவெச்சுட்டேன். இன்னொண்ணுக்கு ஈயம் பத்தல, வாங்கினு வர்றேன்" என்று உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசல் வழியாகப் போனார். போனவர் போனவர்தான். மணி ஐந்தைத் தாண்டியது. ஆறு மணிக்குக் கரண்ட் கட். அப்பா நடை போட ஆரம்பித்தார்.

"ஒண்ணு பத்தவெச்சாச்சு இல்ல? போட்டுப் பாத்துடலாம். குடு."

"மாமா கையெழுத்துப் போடணும்."

"குடுடி பாப்பா, ஒரே ஒரு தடவ பாத்துட்டு எடுத்துடலாம்" என்று அம்மாவும் கெஞ்சினாள். மாட்டேன் என்று பிளக்கை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தரையில் சுருண்டேன். என்னவோ பெரிய அறிவு என்று நினைக்க வேண்டாம், எல்லாம் அதிகாரி ஆகிவிட்ட திமிர்தான். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிளக்கை வாங்கிவிட்டார். அவர் கை சுவர்ப் பாயிண்ட்டுக்குப் போனபோது, எகிறி அந்தக் கையைக் கடித்தேன். பல் பதியக் கடித்தேன்.

அப்பா போட்ட கூச்சலில் உள்ளறைக் கதவு திறந்தது.

"இன்னா சத்தம்?" என்றபடி மாமா நின்றார். உள்ளறையின் பின்வாசல் வழியாக எப்போதோ திரும்பி வந்து, இரண்டு கையையும் மானிட்டருக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அவர் விரலில் ஈயம் ஒட்டியிருந்தது. அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்பாவின் கையிலிருந்து பிளக் கீழே விழுந்தது. மாமா அதை எடுத்து மறுபடியும் என் கையில் கொடுத்துவிட்டு, "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று உள்ளே போனார்.

முடித்துவிட்டு வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டார். நான் பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டு உள்ளறைக்கு ஓடினேன். அந்தக் கோடு மேலும் கீழுமாக, மடித்த புடவையை உதறி விரித்ததுபோல் விரிந்து, முழுப் படமாகி நின்றது. நீலமும் பச்சையுமாக என்ன ஒரு வெளிச்சம். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அம்மா உட்கார்ந்து முதல் கோட்டை வரைந்தாள். கரண்ட் போகும்வரை கிடைத்த அந்த அரைமணி நேரத்தால்தான் தன் அக்காவுக்கு அந்த வேலை கிடைத்தது என்று மாமா இன்றைக்கும் பீற்றிக்கொள்வார்.

நான் கண்குளிரப் பார்ப்பதற்குள் அப்பா என்னைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்துக் கிளம்பினார். படம் பார்க்கவிடாமல் இழுத்துப் போகிறாரே என்று எனக்கு ஆத்திரம். பாலாற்றுப் பாலத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தினார். அடி விழப்போகிறது என்று இரண்டு கன்னத்தையும் பொத்திக்கொண்டேன். அவர் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"ரொம்ப வலிக்குதாப்பா?" என்று கேட்டேன்.

ஆமாம் என்று தலையாட்டினார். ஒரு சின்னக் கடிக்கே இப்படி அழுகிறவர் டேனரியில் எப்படித்தான் வேலை செய்கிறாரோ என்று எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது.