என் குரலுக்கு ஒரு பிஸ்கட் பக்கெட்

என் மகள் ஒரு கிறீம் கிராக்கர் பக்கெட்டைக் கொண்டுவந்து என் முன்னால் மேசையில் வைத்தாள். அவள் கேட்டது என் குரலை. அதிலும் முழுக் குரலை அல்ல, இரண்டே இரண்டு சொற்களை. நான் பக்கெட்டைத் தொடவில்லை. உடைத்துத் தின்றால் சம்மதம் என்று அர்த்தம். அந்தச் சட்டத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் ஓர் இங்கிலாந்துக்காரர். மட்டக்களப்பு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

அவர் எங்களிடம் வந்தது கடல் வந்துபோன பிறகு. கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருந்த எங்கள் வீடு அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டது. பக்கத்து வளவில் இருந்த என் அக்காவும் போய்விட்டார். மிஞ்சிய மூன்று பேரும், நானும் மனைவியும் மகளும், புளியந்தீவில் ஓர் அறையும் குசினியுமாக ஒரு வீட்டில் ஒதுங்கினோம். லண்டனில் இருந்த மனைவியின் தம்பி ஒரு பெரிய பெட்டி அனுப்பினான். பால்மா, சவர்க்காரம், நான்கு கம்பளிச் சட்டைகள். மட்டக்களப்பு வெயிலுக்குக் கம்பளி! ஒரு தடித்த காலுறைக்குள் சுற்றியபடி அந்த இங்கிலாந்துக்காரரின் சீடி. “மருமகள் கேட்டு ஆடட்டும்” என்று எழுதியிருந்தான். மருமகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. இரண்டு மாதமாக அவள் ஆடவுமில்லை, அதிகம் பேசவுமில்லை.

சீடியைப் போட்டோம். ஒரு பெண் ஏதோ பாடத் தொடங்கினாள். அதே இடத்தில் நின்று அதே துண்டையே திரும்பத் திரும்பப் பாடினாள். கீறல் விழுந்திருக்கும் என்று நான் சீடியை வெளியே எடுத்து, பற்பசை பூசி, சாரத் தலைப்பால் துடைத்து, மறுபடி போட்டேன். அவள் மறுபடி அதையே பாடினாள். மூன்றாவது தடவை நான் பற்பசையோடு வந்தபோது மனைவி குசினியிலிருந்து சொன்னாள்:

“இஞ்சேருங்க, அந்த மனிசிய விடுங்க. பாட்டே அப்பிடித்தான் போல இரிக்கி.”

மகள் சிரித்தாள். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. ஆகவே அந்த இங்கிலாந்துக்காரர் மீது எனக்கு அன்றே ஒரு மரியாதை உண்டாயிற்று.

சீடியோடு ஒரு சிறு புத்தகம் இருந்தது. நான் கணித ஆசிரியர், என் ஆங்கிலம் அகராதியைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஆங்கிலம். ஒரு கிழமை முழுக்க அவருடைய வாழ்க்கையை மகளுக்கு வரி வரியாக வாசித்துச் சொன்னேன். அவர் ஒரு பஸ் கண்டக்டரின் மகன். இருபது வயதில் நண்பர்களோடு ஒரு குழுவில் கிற்றார் வாசித்தார். கேட்க ஆளில்லை, குழு கலைந்தது. பிறகு பழைய இசைத்தட்டுக் கடையொன்றில் தூசி தட்டும் வேலை. ஒருவரும் வாங்காமல் குப்பைக்குப் போகும் தட்டுகளை வீட்டுக்குத் தூக்கிப்போய்க் கேட்பாராம். ஒன்றிலிருந்து இரண்டு விநாடி மேளம். இன்னொன்றிலிருந்து ஒருத்தி பாடத் தொடங்குமுன் இழுத்த மூச்சு. வெட்டி, ஒட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மேலே தாளத்தை ஏற்றினால் ஆயிரம் பேர் விடிய விடிய ஆடுகிறார்கள்.

“இது களவு மகள்” என்றேன்.

“மிச்சத்தையும் வாசிங்க அப்பா.”

மிச்சத்தில் அவரும் அதை ஒத்துக்கொண்டிருந்தார். ஒரு முறை, ஒரே ஒரு பாட்டுப் பாடிவிட்டு வீட்டோடு இருந்துவிட்ட ஒரு வயோதிப மாதின் குரலை அனுமதி கேளாமல் எடுத்துவிட்டாராம். வக்கீல் கடிதம் வந்தது. அவர் ஒரு பிஸ்கட் பேணியோடு ரயிலேறிப் போய் மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா பேணியைத் திறந்து ஒன்றைக் கடித்தார். அதுவே சம்மதம். அன்றிலிருந்து யாருடைய குரலை எடுத்தாலும் பிஸ்கட்டோடு போய்க் கேட்பது அவர் வழக்கமாயிற்று.

அடுத்த வருடம் மாமன்காரன் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவியும் அனுப்பினான். எங்கள் ஊர் என்றதும் வாவியில் பாடும் மீனைத்தானே எல்லாரும் கேட்பார்கள்! மகளும் அங்கேதான் தொடங்கினாள். தோணி பிடித்து, நான் கூடப் போய், வாவியில் துடுப்பை இறக்கி, அதன் தண்டில் கருவியை வைத்துப் பதிந்தாள். வீட்டுக்கு வந்து கேட்டால், மீன் பாடியதோ இல்லையோ, “கவனம் மகள், கவனம், சரியாதே” என்று ஒரு மனிதன் அரை மணித்தியாலம் பாடியிருந்தான்.

அதோடு நிற்கவில்லை. பழுகாமத்தில் மனைவியின் உறவினரின் வயல் வட்டையில் நெல்லுச் சூடடிக்கும் மெசின், தெருவில் பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டு, ஓட்டமாவடிப் பாலம். அந்தப் பாலம், நாங்கள் கோச்சி என்று சொல்லும் ரயிலுக்கும் பஸ்சுக்கும் ஒன்றுதான். பஸ் ஏறினால் இரும்பெல்லாம் கடகடக்கும், நடுவில் ஒரு தகடு மட்டும் தனியாக இருமும். அந்த இருமல் அவளுக்கு உயிர். ஆனால் எந்தப் பதிவைக் கேட்டாலும் அதற்குள் நான் இருந்தேன். கூடப் போனால் “கவனம்”. போகாவிட்டால் அவளுடைய போன் அடிக்கும், அதற்குள்ளிருந்து என் குரல்: “எங்க நிக்கிறாய்?”

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சந்தைக்கு வந்திருந்தேன். மனைவி கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்கு ஒரு நேர்த்திக்குப் போயிருந்தாள். மகள் கல்லடியில் ரியூசன் வகுப்பில். நான் கல்லடிப் பாலத்தடிக்கு ஓடியபோது சனம் எதிரே ஓடிவந்தது. பின்னேரம் வரைக்கும் கண்டவர் எல்லாரிடமும் அவளை விசாரித்தேன். கடைசியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், யாருடையதோ ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றாள். கட்டிப்பிடித்து அழுதிருக்க வேண்டும். நான் கேட்டது: “எங்க நிண்டாய்?” அவள் சொன்னாள்: “மாடியில நிண்டன் அப்பா.” அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனாலும் நான் கேட்பதை நிறுத்தவில்லை. ஐந்து வருடமாகக் கேட்டேன். அவள் கிணற்றடிக்குப் போனாலும் கேட்டேன்.

பிறகு கொத்துரொட்டி. அவளுக்குத் தாளம் வேண்டும், அது காத்தான்குடியில் ஒரு கடையில்தான் இருக்கிறது என்று ஒற்றைக்காலில் நின்றாள். காத்தான்குடிக்குப் போவதென்றால் கல்லடிப் பாலம் தாண்ட வேண்டும், செக்பொயின்ற் தாண்ட வேண்டும், கடற்கரைப் பக்கமாகப் போக வேண்டும். மூன்றும் எனக்கு ஆகாதவை. ஆனாலும் ஒரு பின்னேரம் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் ரொட்டி கொத்தும் இரண்டு தகடுகளையும் கையில் பிடித்தபடி மகள் நீட்டிய பிஸ்கட்டைப் பார்த்தார்.

“இது என்னத்துக்கு புள்ள?”

“உங்கட கொத்துச் சத்தத்துக்கு நானா. பதியலாமா?” காத்தான்குடியில் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“எனக்குச் சீனி வருத்தம். தின்ன ஏலா.” என்னைத் திரும்பிப் பார்த்தார். “சேர், சத்தத்த எடுத்திட்டா எனக்கு மிச்சம் இரிக்குமா?”

“இரிக்கும்” என்றேன். “பிரதிதான் எடுப்பா.”

“அப்ப சரி. இந்த பிஸ்கட் ஊட்டுப் புள்ளையளுக்கு.” ஒரு பிஸ்கட்டின் மூலையை மட்டும் உடைத்து வாயில் போட்டார். சட்டம் நிறைவேறியது. அதன்பின் அவர் கொத்திய கொத்து! வழக்கமாக ஒரு பிளேட்டுக்கு ஒரு நிமிசம் என்றால் அன்று ஐந்து நிமிசம். வாடிக்கைக்காரர் ஒருவர், “நானா, மாவாக்கிராதீங்க, நான் ரொட்டிதான் கேட்ட” என்று கத்தினார். அதுவும் பதிவாகியது. அதற்கும் அவள் ஒரு பிஸ்கட் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் செக்பொயின்றில் மறித்தார்கள். மகளின் பையில் கருவியைக் கண்டான் ஒரு இளம் ஆமிக்காரன். போட்டுக் காட்டச் சொன்னான். அந்த நாட்களில் துவக்குச் சூடுபோல் டக டக டக டக என்று கேட்கும் ஒரு சத்தத்தைப் பையில் வைத்துக்கொண்டு யாராவது செக்பொயின்றுக்கு வருவார்களா? நாங்கள் வந்தோம். மகள் பொத்தானை அமத்தினாள். அவன் காதைச் சாய்த்தான். இரண்டு விநாடி. முகம் மலர்ந்தது.

“கொத்து!” என்றான்.

மண்மூட்டைக்குப் பின்னால் இருந்தவனையும் கூப்பிட்டான். அவனும் “கொத்து!” என்றான். முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் எங்களை விட்டார்கள். மகள் சைக்கிள் பாரில் இருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். நான் வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன்.

பிறகு ஒரு வைகாசியில் சண்டை முடிந்ததாக ரேடியோ சொன்னது. எங்கோ வெடி கொளுத்தினார்கள். எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். நாங்கள் மூவரும் சோறு தின்றோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். பாதை திறந்தது. பாதை திறந்தால் பிள்ளைகள் போவார்கள் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. கொழும்பில் ஒலிப்பதிவு படிப்பிக்கும் ஓர் இடத்துக்கு மகள் விண்ணப்பித்தாள். சொந்தமாகச் செய்த மூன்று நிமிட ஒலித்துண்டு ஒன்றை அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கிறீம் கிராக்கர் பக்கெட்.

“உங்கட குரல வெட்டி எறியத்தான் பாத்தன் அப்பா. எல்லாத்துக்குள்ளயும் நிக்கிறீங்க. மறுகா யோசிச்சன், அத நடுவில வைப்பம் எண்டு.”

போட்டுக் காட்டினாள். சூடடிக்கும் மெசின் உறுமியது. பாலத்துத் தகடு இருமியது. கொத்து ஏறியது. அதன் உச்சியில், எங்க நிக்கிறாய், எங்க நிக்கிறாய், எங்க எங்க எங்க நிக்கிறாய். மனைவி அகப்பையோடு ஆடினாள். எனக்கும் கால் துடித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சொற்கள் பிறந்த மண்டபம் எனக்குத் தெரியும். அவற்றுக்குப் பிறர் ஆடுவதை நினைக்க முடியவில்லை. அதைவிட, அவற்றைக் கொடுத்தால் அவளையும் கொழும்புக்குக் கொடுத்ததாகிவிடும்.

“ஏலாது மகள்.”

அவள் என் குரலை வெட்டிவிட்டு, அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு அனுப்பினாள். தாளம் ஏறி ஏறி வந்து, சட்டென்று ஒன்றுமில்லை, பிறகு மறுபடி தாளம். அந்த வெறுமை மிகவும் பிடித்திருந்தது என்று அவர்கள் எழுதினார்கள். இடம் கிடைத்தது. பக்கெட் மேசையிலேயே கிடந்தது. எறும்புகூட அதை மதித்தது.

அவள் போன காலை, அடுத்த வீட்டு அக்கா ஒருவரும் கொழும்புக்குத் துணையாகப் போனார். வெள்ளவத்தையில் மனைவியின் தங்கை காத்திருப்பாள். எல்லாம் ஒழுங்கு. பஸ் புறப்பட்டது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போவதாகச் சொன்னேன். பள்ளிக்கூடம் இருந்த திசையில்தான் நடந்தேன். நடுவில், அவள் போன பாதையிலேயே போகும் பொலன்னறுவை பஸ் ஒன்று நின்றது. அதில் ஏறிவிட்டேன். சும்மா, அவளுடைய பஸ்சுக்கு இருபது நிமிசம் பின்னால், அவளுக்குத் தெரியாமல், பொலன்னறுவை மட்டும். அதற்கு மேல் போக மாட்டேன் என்று எனக்கு நானே வாக்குக் கொடுத்தேன். பையில் பக்கெட் இருந்தது. காலையில் மேசையிலிருந்து எடுத்துப் போட்டது.

ஓட்டமாவடியில் போன் அடித்தது.

“அப்பா, எங்க நிக்கிறீங்க?”

“வீட்டதான் மகள்.”

அவள் என் பக்கத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வீட்டுக்குள்ளால கோச்சிப் பாலம் எப்ப போட்ட?”

“என்ன?”

“இந்தா, தகடு இருமுது. அது ஓட்டமாவடிப் பாலம் அப்பா. நான் அத எத்தின தரம் வெட்டி ஒட்டியிருப்பன்! எனக்கா பொய் சொல்லுறீங்க?”

பஸ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கணித ஆசிரியர், களவு பிடிபட்ட மாணவனைப்போல் போனைக் கையால் பொத்தினேன்.

“இறங்குங்க அப்பா.”

“பொலன்னறுவை மட்டும்...”

“நான் இரிக்கிறன் அப்பா. பஸ்சில, வலப்பக்கம், மூண்டாவது சீற்றில. அக்கா பக்கத்தில நித்திர. கேட்டாச்சா? இறங்குங்க.”

இறங்கினேன். பாலத்தடித் தேநீர்க் கடையில் ஒரு பிளேன்டீ சொன்னேன். கைக்கு எதையாவது பிடிக்க வேண்டியிருந்தது. பையிலிருந்த பக்கெட்டைப் பிடித்தேன். பிறகு அதை உடைத்தேன். ஒன்று தின்றேன். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கும் ஒன்று கொடுத்தேன். இன்னொன்றை வாயில் போட்டுக்கொண்டு அவளுக்கு அடித்தேன்.

“மகள், பக்கெட்ட உடைச்சிட்டன்.”

“எத்தின தின்ட?”

“ரெண்டு.”

“அப்ப ரெண்டு சொல்லும் எனக்குத்தான்.” ஏதோ கிளிக் என்று கேட்டது. “பதியிறன். பழசில காத்துச் சத்தம் கூட. புதுசாச் சொல்லுங்க.”

ஐந்து வருடமாக அவள் கேட்காமலே நான் சொல்லிவந்த சொற்கள். இப்போது அவளே கேட்கிறாள். பாலத்தில் ஒரு லொறி ஏறியது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, அவள் போன திசைக்கு, சத்தமாகச் சொன்னேன்.

“மறுகா ஒருக்கா அப்பா” என்றாள். “பிஸ்கட்ட முழுங்கிப்போட்டுச் சொல்லுங்க.”