அண்ணனுக்கு எடுத்த கோடி வேட்டி

பெரியப்பா, என் அண்ணனின் மீசையை மழித்து, சேலை கட்டி எரித்தது நீங்கள்.

இதை முதலில் எழுதினால்தான் மற்றதை எழுத எனக்குக் கை வரும். "பொறந்தது, படிச்சது, கொணம், கடைசில நன்றி, இது போதுங்களேம்மா" என்று அச்சகத்தில் சொன்னார்கள். அதையும் எழுதுகிறேன். ஆனால் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தக்காரர்களில் பெரும்பாலானவர்கள் அண்ணனை அண்ணன் என்றோ, தம்பி என்றோ, மாமா என்றோ ஒரு முறைகூடக் கூப்பிடாதவர்கள். நினைவு மலரில் இறந்தவரின் பெயரைச் சொல்லாமல் உறவுமுறையைச் சொல்லி எழுதுவது வழக்கம். மற்ற வீடுகளில் அது மரியாதை. எங்கள் வீட்டில் அந்த முறைக்காகத்தான் சண்டையே. கடைசி வரி வரை அண்ணன் என்றுதான் எழுதுவேன். படிக்கக் கூசுகிறவர்கள் மலரை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

அண்ணன் வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் தறி ஓடும் வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பெண் குழந்தை என்று எழுதி வைத்தார்கள். அண்ணன் தன்னை அப்படி ஒரு நாளும் நினைக்கவில்லை. எனக்குப் பேச்சு வந்த புதிதில் என்னைத் தறிக்குப் பின்னால் கூட்டிப்போய், "பாப்பா, அண்ணான்னு சொல்லு, மிட்டாய் தாரேன்" என்று பழக்கினாராம். தறிச் சத்தத்தில் யார் காதிலும் அது விழவில்லை. அவரைப் போன்றவர்களை இப்போது திருநம்பி என்கிறார்கள். அந்தச் சொல் அண்ணனுக்குத் தெரிந்தது முப்பது வயதுக்கு மேல்தான். அதற்கு முன்னால் தன்னைப் போல உலகத்தில் வேறு யாரும் இல்லை என்றே நினைத்திருந்தார்.

அப்பா சீக்கிரமே போய்விட்டார். எங்களை வளர்த்தது பெரியப்பாதான். அதை நான் மறுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார், தீபாவளிக்குத் துணி எடுத்தார். அண்ணனை "அம்மிணி" என்று வாய் நிறையக் கூப்பிட்டார். எங்கள் பக்கம் பெண் பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அது அண்ணனுக்கு எப்படி இருந்தது என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

அம்மா வேறு வழி கண்டுபிடித்தார். அண்ணனைச் "சாமி" என்றே கூப்பிட்டார். பெரியவர்களுக்கும் சாமி, குழந்தைகளுக்கும் சாமி, ஆணுக்கும் சாமி, பெண்ணுக்கும் சாமி. அந்தச் சொல்லுக்குள் அம்மா ஒளிந்துகொண்டார். அண்ணன் அதைப் பெரிய அன்பாக எடுத்துக்கொண்டார். "அம்மா ஒருத்திதான் என்னைத் தப்பாக் கூப்புடறதில்ல பாப்பா" என்பார். சரியாகவும் கூப்பிடவில்லையே என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது.

பன்னிரண்டாவது முடித்ததும் வாழப்பாடிப் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். அண்ணன் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காபித் தட்டோடு வந்து நின்றார். மாப்பிள்ளையின் அம்மா ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு, "ஏனுங்க, பொண்ணோட தம்பீங்களா? நல்ல பையன். செரி, பொண்ண வரச் சொல்லுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணனும் சிரித்தார். பெரியப்பா அடித்த அடியில் தட்டு தெருவில் போய் விழுந்தது. மறுநாள் அண்ணன் நாமக்கல்லுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அங்கே லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தார். முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தம்பி, அந்த ஸ்பேனர எடு" என்றாராம். யாரோ ஒருவர் தன்னைத் தம்பி என்றதைக் கேட்டு, எந்த ஸ்பேனர் என்று கேட்கக்கூடத் தோன்றாமல் நின்றதாக அண்ணன் சொல்வார். அங்கேயே வயரிங் வேலை கற்றார். பிறகு அந்தப் பட்டறையின் எலக்ட்ரீசியன் ஆனார். லைட் எரியவில்லை, ஸ்டார்ட் ஆகவில்லை என்று வரும் டிரைவர்கள் "எலக்ட்ரீசியன் அண்ணன் இருக்காருங்களா?" என்றுதான் கேட்பார்கள். மருந்து எடுத்தார், மீசை வந்தது, ஆதாரில் ஆண் என்று மாற்றிக்கொண்டார். கோபக்காரர். வேலையில் இருக்கும்போது பேச்சுக் கொடுத்தால் கத்துவார். சம்பளம் வாங்கிய வாரம் என் மகளுக்கு ஏதாவது வாங்காமல் வரமாட்டார். அவளுக்கு அவர் மாமா. வேறு எந்தப் பேரும் அவளுக்குத் தெரியாது.

பெரியப்பா அந்தப் பட்டறைக்கும் போவார். தட்டுவடைப் பொட்டலத்தோடு வாசலில் நின்று "அம்மிணி!" என்று கூப்பிடுவார். பட்டறையில் உள்ளவர்கள் எந்தப் பெண் வந்திருக்கிறாள் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அம்மிணி இங்க யாருமில்லீங் பெரியப்பா. தட்டுவடையக் குடுத்துப்போட்டுப் போங்க" என்பார். கொடுத்துவிட்டுத்தான் போவார். அவருக்கும் பாசம் இல்லாமல் இல்லை. அந்தப் பாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு வருடம் மகளிர் தினத்துக்கு எங்கள் ஊர்ச் சங்கம் ஒன்று அண்ணனுக்கு விருது கொடுப்பதாகச் சொல்லிக் கூப்பிட்டது. என்ன விழா என்று சொல்லவில்லை. "நல்ல தொழிலாளிக்குக் குடுக்கறாங்களாம்" என்று மட்டும் பெரியப்பா சொன்னார். ஏற்பாடே அவருடையதுதான். அண்ணன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். மேடையில் "சாதனை மகளிர்" என்று பேனர். மைக்கில், "லாரிப் பட்டறையில் ஆண்களுக்கு நிகராகச் சாதித்த நம் சகோதரி" என்றார்கள். பெரியப்பா முன்வரிசையில் எழுந்து நின்று கை தட்டினார்.

அண்ணன் மேடைக்குப் போனார். பொன்னாடையைப் போட விடவில்லை. மைக்கை வாங்கி, "ஆம்பளைக்கு நிகரெல்லாம் இல்லீங். நான் ஆம்பளதானுங்க. இதைய யாராச்சும் நல்ல பொண்ணுக்குக் குடுங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா அன்று தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு பட்டறைப் பக்கம் வரவில்லை. அண்ணன் சாகும்வரை அந்த அவமானத்தைப் பெரியப்பா மனதில் வைத்திருந்து தீர்த்துக்கொண்டார் என்பது என் எண்ணம். இல்லையென்றால் இல்லை என்று அவரே சொல்லட்டும்.

அண்ணனைப் பார்த்து வாழ்ந்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். நாமக்கல்லில் அவர் குடியிருந்த வாடகை வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் திருநம்பித் தம்பிகள் வருவார்கள். சேலத்தில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் தம்பி. கோர்ட்டுக்குப் போகும் வக்கீல் தம்பி. கோழிப்பண்ணையில் முட்டை ஏற்றி அனுப்பும் வேலையைப் பார்க்கும் பண்ணைத் தம்பி. அண்ணன் கறிக்குழம்பு வைப்பார். உப்பு அதிகமாக இருக்கும். "நீங்க வயரிங்கோட நிறுத்திக்கலாமுங்ண்ணா" என்பார் வக்கீல் தம்பி. "தின்னுபோட்டு வாதாடுடா" என்பார் அண்ணன்.

பண்ணைத் தம்பி எல்லாருக்கும் இளையவர். வீட்டில் இன்னும் சொல்லாதவர். வெளியூர் வேலை என்று சொல்லிவிட்டு, பண்ணையில் ஆணாக இருந்தவர். அவர் ஒருமுறை என்னிடம், "எங்க அப்பாவப் பாத்து நான் எதும் கத்துக்கலீங்க்கா. அண்ணனப் பாத்துத்தான், வயசாகியும் இப்படியே இருக்கலாம்னு தெரிஞ்சுது" என்றார். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். பெரிய சாதனை எதுவும் இல்லை. வேலைக்குப் போய், வாடகை கட்டி, மீசையோடு வயதாகும் ஒரு ஆள். வக்கீல் தம்பியும் நர்ஸ் தம்பியும் படித்தவர்கள், தைரியசாலிகள். பண்ணைத் தம்பிக்கு அண்ணன் போதும்.

பிறகு நோய் வந்தது. வயிற்றுவலி என்று அண்ணன் மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தார். நர்ஸ் தம்பி திட்டித் திட்டிச் சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நான் கூடப் போனேன். மகளிர் பிரிவு வரிசை. டோக்கன் கொடுக்கும் அம்மா, "ஏப்பா, இது பொம்பளைங்க பாக்கற எடம். உன் சம்சாரத்த வரச்சொல்லிட்டு நீ வெளிய நில்லு" என்றார். "பேஷன்ட் நான்தானுங்க" என்றார் அண்ணன். அந்த அம்மா உள்ளே திரும்பி, "இங்க வந்து பாருங்க இந்தக் கூத்த" என்று இன்னும் இருவரைக் கூப்பிட்டார். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ஆம்பளைக்குக் கர்ப்பப்பையா, கலிகாலம்" என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் டோக்கனைத் திருப்பிக் கொடுத்தார். பஸ் ஏறினோம். இறங்கும்போது, "செத்தாலும் அந்த வரிசைல இன்னொருக்கா நிக்கமாட்டேன் பாப்பா" என்றார். சொன்னபடியே நடந்துகொண்டார். நர்ஸ் தம்பி அவரை அழாத குறையாகத் தூக்கிக்கொண்டு வேறு இடத்தில் சேர்த்தபோது, கர்ப்பப்பையில் வந்த புற்று எங்கெங்கோ போயிருந்தது.

கடைசி நாட்களில் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "என்னைய வேட்டி கட்டி அனுப்பிச்சுரு பாப்பா. வேற ஒண்ணும் வேண்டாம்." கோடி போடுவதில் ஆணுக்கு வேட்டி, பெண்ணுக்குச் சேலை. கூடப்பிறந்தவள் என்ற முறையில் நான் எடுக்க வேண்டியது. அவர் இருக்கும்போதே எடுத்துவைத்தேன். கரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பட்டுக் கரையா? கெழவனாட்ட இருக்குது" என்று சிரித்தார்.

அவர் போனதும் ஊருக்குக் கொண்டுவந்தோம். பெரியப்பா வாசலில் நின்றிருந்தார். வேட்டியை அவர் கையில் கொடுத்தேன். அண்ணன் கேட்டதைச் சொன்னேன். "செரி சாமி, நான் பாத்துக்கறேன். நீ போயி ஆம்புலன்ஸ்காரங்கள அனுப்பிச்சுட்டு வா" என்றார். அவர் அழுதுகொண்டுதான் இருந்தார். நம்பினேன்.

நான் திரும்பி வந்தபோது பெண்கள் அண்ணனைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். மீசை இல்லை. முகத்தில் மஞ்சள். கையில் வளையல். பச்சைச் சேலை. பூ வைக்க முடி இல்லாததால் தலையைச் சுற்றி நூல் போட்டுப் பூவைக் கட்டியிருந்தார்கள். நான் கத்தினேன். வேட்டி எங்கே, வேட்டி எங்கே என்று கத்தினேன். ஒப்பாரி வைக்கிறேன் என்று நினைத்து இரண்டு அத்தைகள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். பெரியப்பா அம்மாவிடம், "பொறந்தபடி போனாத்தான் கட்ட வேகும். நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். அண்ணனுக்காக ஒரு சொல் சொல்ல அம்மாவுக்குக் கிடைத்த கடைசி இடம் அது. அம்மா சொன்னார்: "சாமிக்கு எது நல்லதோ அதைச் செய்யுங்க."

என் மகள் என் சேலையைப் பிடித்து இழுத்து, "மாமாவுக்கு எதுக்கும்மா சேல?" என்று கேட்டாள். அவ்வளவு பேரில் அந்த ஒரு பிள்ளைதான் கேட்டது.

தெருமுனையில் பெரியப்பா வைத்த கண்ணீர் அஞ்சலி பிளக்ஸில் அண்ணனின் பள்ளிக்கூடப் படம். இரட்டைச் சடை, ரிப்பன். "செல்வி" என்று போட்டுப் பழைய பெயர். பட்டறை ஆட்கள் முதலாளியோடு ஒரு லாரியில் பெரிய மாலை எடுத்துக்கொண்டு வந்தார்கள். பிளக்ஸைப் பார்த்து, யாரோ சின்னப் பெண் இறந்திருக்கிறது என்று எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஊருக்குள் சுற்றிச் சுற்றி, "எலக்ட்ரீசியன் அண்ணன் ஊடு எதுங்க? எறந்துட்டாருங்களே" என்று விசாரித்திருக்கிறார்கள். "இன்னிக்கு எங்கூர்ல ஆம்பளைங்க யாரும் சாகலீங்களே" என்று டீக்கடையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் சுடுகாட்டுக்கு வந்து சேர்ந்தபோது புகைதான் இருந்தது. முதலாளி மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

தம்பிகள் மூவரையும் பந்தலுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். வெளியே நின்றாலும் பாடை போனதைப் பார்த்தார்கள். பண்ணைத் தம்பி அந்த மாதமே வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். போனில் பிடித்தபோது, "அண்ணனுக்கே கடைசில சேலைதானுங்க்கா. நான் இத்தன பாடுபட்டு எங்க போகப்போறேன்? இப்பவே கட்டிக்கிட்டா அடியாச்சும் மிச்சம்" என்றார். முடி வளர்க்கிறாராம். மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்களாம். வக்கீல் தம்பி எவ்வளவோ பேசிப் பார்த்தார். இப்போது அந்த எண்ணில் யாரும் எடுப்பதில்லை. அண்ணன் இத்தனை வருடம் வாழ்ந்து காட்டியதை நீங்கள் ஒரு சேலையில் அழித்துவிட்டீர்கள், பெரியப்பா.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். நிமிர்ந்து பார்க்காமலே தம்பி என்றவரும், கடைசிவரை தம்பி என்றே சொன்னவருமான பட்டறை முதலாளிக்கு. அண்ணனின் உடம்பைக் கூச்சமில்லாமல் தொட்டுத் துடைத்த நர்ஸ் தம்பிக்கு. இறப்புச் சான்றிதழிலாவது ஆண் என்று வரவேண்டும் என்று அலைந்து வாங்கித் தந்த வக்கீல் தம்பிக்கு. வாடகைக்கு விட்டு, ஒரு கேள்வியும் கேட்காத நாமக்கல் வீட்டுக்கார அம்மாவுக்கு. சாவுக்கு வந்து, பார்த்து, தலையாட்டி, சாப்பிட்டுப் போனவர்களுக்குச் சொல்ல என்னிடம் நன்றி இல்லை.

இது அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாள். பந்தல் போட்டிருக்கிறேன். மைக் வைத்திருக்கிறேன். வந்தவர்களுக்கு இலை போடும் முன்னால் பெரியப்பா எழுந்து பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். அம்மாவைத் தூது அனுப்ப வேண்டாம். ஊர் என்ன சொல்லும் என்று சொல்ல வேண்டாம், ஊர்தான் எதிரே உட்கார்ந்திருக்கும். நீங்கள் என்ன சொன்னாலும் அண்ணன் இனி வேட்டி கட்டப் போவதில்லை. பண்ணைத் தம்பி திரும்பி வருவார் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. ஆனாலும் செய்தது தப்பு என்று ஒரு பெரிய மனுசன் மைக்கில் சொன்னால், அந்தச் செய்தி எப்படியாவது அந்தத் தம்பியின் காதுக்குப் போகும்.

அழுதுகொண்டே என் கையிலிருந்து வாங்கினீர்களே, பெரியப்பா. அந்த வேட்டி எங்கே?