நிலக்கீழ் அறையில் ஒரு பூசை
சுவிஸின் கூர் நகரில், நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் துப்பாக்கிப் போட்டிகளுக்குப் போகிறவர். செலவைக் குறைக்க, சுட்டு முடிந்த தோட்டாக் கோதுகளுக்கு அதே வீட்டின் நிலக்கீழ் அறையில் தானே வெடிமருந்து நிரப்பத் தொடங்கினார். வேறு வீடு பார்ப்போம் என்று என் மனைவி பிடிவாதமாக நின்றாள்.

“ஊர்ச் சண்டையிலை வெடிக்குப் பயந்து ஓடிவந்து, வெடி செய்யிற வீட்டிலையோ இருக்கிறது?”

விஷயம் அறிந்த அவர், எங்களைக் கீழே கூட்டிப்போய்க் காட்டினார். ரேடியோ இல்லை, பேச்சில்லை. ஒவ்வொரு சிட்டிகை மருந்தையும் சின்னத் தராசில் நிறுத்து, குனிந்து பார்த்து, மறுபடியும் நிறுத்தார்.

மேலே வந்ததும் மனைவி சொன்னாள்: “வீடு மாற வேண்டாம். நீங்கள் பூசை செய்யேக்கை ஒருநாளாவது இப்பிடி இருந்தனீங்களோ? ஒரு கண் முருகனிலை, மற்றது அடுப்பு வடையிலை.”

முருகன் மன்னிக்கவேண்டும், அவள் சொன்னது உண்மை. அதன் பிறகு, என் பூசை முடியும்வரை அவள் வடை சுடுவதே இல்லை.